அன்னாசி ஒயினும் ஒரு மொட்டைக் கடிதமும்

மலேசியாவில், கோத்தா திங்கியில் புதிதாகக் கடை போடுகிறவர்கள் நல்ல நாள் பார்ப்பதற்கு முன்னால் லூசியைப் பார்ப்பார்கள். ஹேமநாதனின் லைசென்ஸ் ஏஜென்சியில் அவளுக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். எந்தக் கடைக்கு எந்த விண்ணப்பப் பாரம், விளம்பரப் பலகையில் மலாய் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்த அதிகாரி புதன்கிழமை மதியம் இருக்கையில் இருக்க மாட்டார், எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். பியர் விற்கிற சாப்பாட்டுக் கடைகளுக்கு வருடா வருடம் மது லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுப்பதும் அவள்தான். அப்படிப்பட்டவளின் சொந்த வீட்டிலேயே ஒரு லைசென்ஸ் மனு தயாரானபோது அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மனு போட்டவள் மெலிசா. லூசியின் கணவன் கிரகோரிக்கு ஒரே தங்கை. முப்பத்தெட்டு வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். சிங்கப்பூரில் பானம் தயாரிக்கிற ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தாள். ஜனவரியில் அந்த வேலையை விட்டுவிட்டு இரண்டு பெட்டிகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். பினாங்கில் படிக்கிற மகனின் அறை காலியாக இருந்தது, அதில் தங்கிக்கொண்டாள். வந்த மூன்றாவது நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்:

"அண்ணே, நான் ஒயின் ஃபேக்டரி போடப் போறேன். நம்ம ஊரு அன்னாசிப் பழத்துல. இடம்கூடப் பாத்துட்டேன், மெர்சிங் ரோட்டுல."

லூசி குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். கிரகோரி என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். பதினொரு வருடத்துக்கு முன் அவன் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவில் இருந்தது.

அப்போது கேட்டவள் லூசி. கோயிலில் கிறிஸ்துமஸுக்கு லூசி போடுகிற அன்னாசி ஒயின் என்றால் தனிப் பேர். நவம்பர் பிறந்தாலே, "அக்கா, எனக்கு ஒரு போத்தல்" என்று பெண்கள் சொல்லி வைப்பார்கள். விற்பதில்லை, வீட்டுக்கும் வேண்டியவர்களுக்கும் மட்டும்தான். ஒரு வருடம் அவளுக்கு ஆசை வந்தது. முறைப்படி செய்தால் என்ன? தயாரிக்க கஸ்தம் என்கிற சுங்க இலாகாவில் ஒரு லைசென்ஸ், விற்க மாவட்ட அலுவலகத்தில் ஒரு லைசென்ஸ், கட்டடத்துக்கு கவுன்சில் அனுமதி. யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். பாரங்களை அச்சடித்து, ஒரு நீலக் கோப்பில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து கிரகோரியிடம் காட்டினாள். அவன் கோப்பைத் திறக்கவே இல்லை. "நமக்கு எதுக்கு லூசி இந்த வம்பு? சாராயம் காய்ச்சுற பொம்பளைன்னு நாலு பேரு பேசுவான்" என்றான். அவ்வளவுதான். அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது அதே கிரகோரி வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சிரித்தான்.

"அலமாக்! ஒயின் ஃபேக்டரியா? என் தங்கச்சி மூளையே மூளை. எப்ப ஆரம்பிக்கிறோம்?"

'ஆரம்பிக்கிறோம்' என்றான். லூசி கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே போட்டுவிட்டு சமையலறைக்குள் போனாள். அன்றைக்கு வயிற்றில் பிடித்த எரிச்சல் பிறகு அணையவே இல்லை.

மெர்சிங் சாலையில், டயர்க் கடையும் மரச்சாமான் பட்டறையும் இருக்கிற சிறுதொழில் வரிசையில் கடைசிக் கட்டடம் அது. கிரகோரி செம்பனை எண்ணெய் ஆலையில் மேற்பார்வையாளன். இருபத்தாறு வருடத்தில் காய்ச்சல் வந்தால்கூட லீவு போடாதவன், தங்கச்சிக்காக ஒன்பது நாள் லீவு போட்டான். தானே சுவருக்குப் பெயிண்ட் அடித்தான். வீட்டின் வரவேற்பறைச் சுவரில் ஈரம் ஏறி இரண்டு வருடமாகப் பெயிண்ட் உரிந்துகொண்டிருந்தது. அதற்கு அவன் சொன்ன பதில் "பாப்போம், பாப்போம்". மெலிசாவின் கட்டடத்துக்கு இரண்டு கோட்டு அடித்துவிட்டு, முடியெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு வீட்டுக்கு வந்து, "எப்படி இருக்கு பாத்தியா?" என்று கைபேசியில் படம் காட்டினான். லூசி பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

லைசென்ஸ் வேலையையும் மெலிசாவே பார்த்துக்கொண்டாள். இணையத்திலிருந்து பாரம் எடுத்தாள். தொட்டிகளின் அளவு, பூட்டுப் போட்ட சரக்கறையின் வரைபடம், கழிவுநீர்க் குழாயின் பாதை எல்லாம் கணினியில் தானே வரைந்தாள். லூசியிடம் கேட்டால் அண்ணி வேலைக்கு இடைஞ்சல் என்று நினைத்தாளாம், பிறகுதான் சொன்னாள். லூசிக்கு அப்போது வேறு மாதிரித்தான் பட்டது. ஊரே தேடி வருகிற என்னைத் தாண்டிப் போகிறாளே, அவ்வளவு பெரிய ஆளா? ராத்திரி உணவுக்குப் பின் மெலிசாவும் கிரகோரியும் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தால், லூசி துணி மடிக்கிற சாக்கில் பக்கத்திலேயே இருப்பாள். எங்கேயாவது தப்பு இருக்காதா என்று காது அந்தப் பக்கமே இருக்கும். இரண்டு தப்பு இருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் 'சரக்குக் கிடங்கு' என்று இருந்ததே தவிர 'தயாரிப்பு' என்று இல்லை. கழிவுநீர் போகிற பெரிய சாக்கடை, வெள்ளம் வந்தால் முதலில் நிரம்புகிற பள்ளத்தில் போய் முடிந்தது. லூசி வாயைத் திறக்கவில்லை. துணியை மட்டும் மடித்தாள்.

ஜூலையில் மனு உள்ளே போனது. அதே மாதக் கடைசியில் கோயில் திருவிழா. மெலிசா சோதனைக்காகச் சின்னத் தொட்டியில் போட்டிருந்த ஒயினில் கொஞ்சத்தை கிரகோரி கொண்டுபோய்த் தெரிந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை, ருசி பார்க்கத்தான். பாடகர் குழுவில் இருக்கிற ரேமண்ட் ஒரு மிடறு குடித்துவிட்டு நாக்கைச் சப்புக் கொட்டினான்.

"கிரகோரி, இதுதான்பா ஒயின்! இத்தனை வருஷமா லூசி அக்கா நமக்கு சர்பத் குடுத்து ஏமாத்திட்டாங்க லா!"

எல்லாரும் சிரித்தார்கள். கிரகோரியும் சிரித்தான். அவன் வேண்டுமென்று சிரிக்கவில்லை, ஆனால் நிறையவே சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அவ சீனியை நெறையப் போட்டுருவா" என்றான். லூசியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையில் இருந்த கேக் தட்டை எங்கே வைத்தோம் என்று அவளுக்குப் பிறகு நினைவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, ஹேமநாதன் சாப்பிடப் போன நேரத்தில் லூசி கணினியைத் திறந்தாள். மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுகிற மலாய்க் கடிதம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருபது நிமிடத்தில் முடித்துவிட்டாள். மூன்று விஷயங்கள். ஒன்று, வாடகை ஒப்பந்தம். இரண்டு, கழிவுநீரும் வெள்ளப் பள்ளமும். மூன்றாவதை எழுதும்போது விரல் ஒரு நிமிடம் நின்றது. லைசென்ஸ் கிடைப்பதற்கு முன்பே மெலிசா அந்தச் சோதனை ஒயினில் ஆறு போத்தலை மெர்சிங்கில் ஒரு தங்கும் விடுதிக்காரருக்குக் கொடுத்திருந்தாள். அவர் காசு கொடுத்தாரா இல்லையா என்று லூசிக்குத் தெரியாது. கொடுத்ததே தப்பு என்று தெரியும். அதையும் எழுதினாள். பேர் போடவில்லை. உறையில் போட்டு, வேறு கடைகளின் பாரங்களைக் கொடுக்கப் போனபோது, மாவட்ட அலுவலகத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அன்று மாலை வீட்டில் மீன் பொரித்தாள். மெலிசாவுக்குப் பிடித்த துண்டை அவள் தட்டிலேயே வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து மாவட்ட அலுவலகத்திலிருந்து மெலிசாவுக்குக் கடிதம் வந்தது. கிடைத்த தகவலின் பேரில் மூன்று விஷயங்களுக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும், செப்டம்பர் கடைசியில் நேரில் விசாரணைக்கு வர வேண்டும் என்று இருந்தது. மெலிசா கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக லூசியின் அலுவலகத்துக்கே வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணி, நான் முட்டாள். முதல்லயே உங்ககிட்ட வந்திருக்கணும். இதுக்குப் பதில் எழுத உங்களை விட்டா யாரு இருக்கா?"

லூசி தன் கடிதத்தின் மூன்று விஷயங்களையும் வேறொருவர் எழுத்தில் படித்தாள். படிக்கத் தெரியாதவள்போல மெதுவாகப் படித்தாள். இந்த வார்த்தைக்காகத்தானே ஆறு மாதமாகக் காத்திருந்தோம் என்று தோன்றியது. வந்த பிறகு அதில் ஒரு ருசியும் இல்லை.

"முதல் ரெண்டும் பெரிய விஷயமில்ல" என்றாள். "ஒப்பந்தத்தை மாத்தி ஸ்டாம்ப் பண்ணிக்கலாம். கழிவுக்கு ஒரு தனித் தொட்டி வெச்சு, லோரி வந்து எடுத்துட்டுப் போகும்னு காட்டலாம்."

"மூணாவது?"

லூசி கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள்.

"வாங்கின விடுதிக்காரரு தன்னையே காட்டிக் கொடுக்க மாட்டாரு. அவரை விட்டா அது நாலு பேருக்குத்தான் தெரியும் அண்ணி" என்றாள் மெலிசா. "எனக்கு, அண்ணனுக்கு, உங்களுக்கு. அப்புறம் வசந்தன் அண்ணனுக்கு. அவர் வேன்லதானே மெர்சிங் போனோம்."

வசந்தன் கிரகோரியின் பள்ளிக்கூட நண்பன். சொந்த வேன் வைத்து ஓட்டுகிறவன். ஒயின் தயாரானதும் சரக்கு ஏற்றுகிற வேலையை அவனுக்கே தருவதாக மெலிசா சொல்லியிருந்தாள். லூசி மேசையில் கிடந்த பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வசந்தனா? இருக்காதே" என்று மட்டும் சொன்னாள். அது பலவீனமாக வந்தது, சந்தேகத்தை வளர்க்கிற மாதிரியே வந்தது.

அன்று மாலை கிரகோரி வசந்தனின் வீட்டுக்குப் போனான். என்ன பேசினான் என்று முழுதாகத் தெரியாது. திரும்பி வந்தபோது சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது.

"முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம்! காட்டிக் கொடுத்துட்டான் லூசி, காட்டிக் கொடுத்துட்டான்" என்று சொல்லிக்கொண்டே குளியலறைக்குப் போனான். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் வசந்தன் லூசியைத் தேடி வந்தான். அலுவலகத்துக்கு உள்ளே வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையைக் காட்டினான். லூசி வெளியே போனாள்.

"லூசிம்மா, உங்க வீட்டுக்காரன் என்னை காட்டிக் கொடுத்த யூதாஸ்னு சொல்லிட்டான். என் பொண்டாட்டி முன்னால. நான் எந்த ஆபீஸுக்கும் போய் எதுவும் சொல்லல. எனக்கு மலாய்ல ஒரு லெட்டர் எழுதவே வராதுன்னு அவனுக்குத் தெரியாதா? எத்தனை பாரம் நீதானே எழுதிக் குடுத்திருக்க?"

"தெரியும் அண்ணே."

"அவன் நம்பாட்டிப் போறான். நீ நம்புறியா?"

"நம்புறேன்" என்றாள் லூசி.

"அது போதும்மா" என்றான் வசந்தன். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "நீயாவது நம்புறியே." நன்றி சொல்லிவிட்டுப் போனான். அவன் நன்றி சொன்னதைத்தான் லூசியால் தாங்க முடியவில்லை.

அதே வாரம் ஒரு சாப்பாட்டுக் கடையின் கோப்போடு மாவட்ட அலுவலகத்துக்குப் போனபோது, லைசென்ஸ் பிரிவு அதிகாரி புவான் ரொஸ்னா அவளை உட்காரச் சொன்னார். பத்து வருடப் பழக்கம். இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். புவான் ரொஸ்னா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார்.

"பேர் இல்லாத கடிதத்தை ஆட்சேபமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆனால் படித்துவிட்ட பிறகு படிக்காத மாதிரி இருக்கவும் முடியாதே" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லூசி, மொட்டைக் கடிதம் எனக்கு மாதம் நாலு வருகிறது. கெட்ட வார்த்தை, எழுத்துப் பிழை, பாதிக்கு மேல் புரியாது. இவ்வளவு ஒழுங்கான மொட்டைக் கடிதத்தை நான் பார்த்ததே இல்லை. இந்த மாவட்டத்தில் இப்படி எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்?"

லூசி கையில் இருந்த கோப்பை நீட்டினாள். புவான் ரொஸ்னா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கடையின் கோப்பை வாங்கி, முத்திரை குத்தி, திருப்பித் தந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மத்தியானச் சாப்பாடு. வெளியே நல்ல மழை. மெலிசா விளக்கக் கடிதத்தின் படியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கிரகோரி வசந்தனை விட்டுவிட்டு வேறு வேன்காரன் தேடுவதைப் பற்றிப் பேசினான். லூசி சோறு போட்டுவிட்டு உட்காராமல் நின்றாள்.

"கடிதத்தை வசந்தன் அண்ணன் எழுதல" என்றாள். "நான்தான் எழுதினேன்."

கிரகோரி நிமிர்ந்து பார்த்தான். "விளையாடாத."

"விளையாடல. ஆபீஸ்ல உக்காந்து டைப் பண்ணி, நானே பெட்டில போட்டேன்."

முதலில் பேசியவள் மெலிசாதான். குரல் சாதாரணமாகவே இருந்தது. "அந்த ஆறு போத்தல் விஷயமும் நீங்கதானா அண்ணி?"

"ஆமா."

"ஏன்?"

லூசி இரண்டு நாளாக மனத்துக்குள் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாள். நீலக் கோப்பு, பதினொரு வருடம், சர்பத், எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியிருந்தாள். வாயைத் திறந்ததும் வரிசை கலைந்துபோனது.

"அவரு உனக்குப் பெயிண்ட் அடிச்சாரு" என்றாள்.

சொன்னதும் அழுதுவிட்டாள். அழுகையோடு அழுகையாகத்தான் மீதி எல்லாம் வந்தது. நான் கேட்டப்ப கோப்பைக்கூடத் திறக்கலையே. சாராயம் காய்ச்சுற பொம்பளைன்னு சொல்லுவாங்கன்னு சொன்னீங்களே. உங்க தங்கச்சிய மட்டும் ஒருத்தனும் சொல்ல மாட்டானா? ரேமண்ட் சர்பத்னு சொன்னப்ப எல்லாரையும்விட நீங்கதானே அதிகமா சிரிச்சீங்க?

மெலிசா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். "அண்ணி ஒயின் ஃபேக்டரி போட நினைச்சாங்களா?" என்று அண்ணனைக் கேட்டாள். "இதை நீங்க ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லலையே அண்ணே."

"எப்பவோ நடந்தது, மறந்தே போச்சு" என்றான் கிரகோரி.

"அவங்க மறக்கலை." மெலிசாவுக்கு அப்போதுதான் கோபம் ஏறியது. லூசியின் பக்கம் திரும்பினாள். "எனக்குப் பாவமாத்தான் இருக்கு அண்ணி. ஆனா புருஷன் மேல கோபம்னா புருஷனைத் திட்டணும். உங்க ரெண்டு பேரு சண்டைக்கு என் லைசென்ஸ்தான் கிடைச்சுதா?"

லூசி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் விசாரணைக்கு வந்து, நான்தான் எழுதினேன்னு சொல்றேன்" என்றாள்.

"வேணாம். சொன்னா குடும்பச் சண்டைன்னு ஃபைல்ல எழுதிடுவாங்க. அப்புறம் அந்த ஃபைல் ஒரு மேசையை விட்டு இன்னொரு மேசைக்கு நகராது. நான் போய் உண்மையைச் சொல்லிக்கிறேன்."

அவள் சொன்னது சரி. அழுதுகொண்டிருந்த நேரத்திலும் லூசிக்கு உள்ளே சுருக்கென்று குத்தியது. இதுவும் இவளுக்குத் தெரிந்திருக்கிறதே!

மெலிசா அறைக்குள் போன பிறகு கிரகோரி கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான்:

"நீ வந்து என்னைக் கேட்ட லூசி. செய்யலாமா, வேணாமான்னு. சரின்னு சொல்லி நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்னு பயந்துட்டேன். அவ என்னைக் கேக்கல. முடிவு பண்ணிட்டு வந்து சொன்னா. கூட நிக்கிறது மட்டும்தான் மிச்சம். அது எனக்கு லேசா இருந்துச்சு."

"அப்ப நான் கேட்டதுதான் தப்பா?"

"தப்பு உன்னுதுன்னு சொல்லல. எனக்கு அப்ப தைரியம் இல்ல. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, ஊரு மேல பழியைப் போட்டேன்."

இருபத்து மூன்று வருடக் கல்யாணத்தில் அவன் இப்படி ஒன்றைச் சொன்னது அதுவே முதல் தடவை. லூசிக்கு ஆறுதலாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன?

சாயங்காலம் மழை விட்டதும் இருவரும் வசந்தன் வீட்டுக்குப் போனார்கள். லூசியே சொன்னாள். வசந்தன் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னிக்கு நம்புறேன்னு சொன்னியேம்மா."

"நம்பினது பொய்யில்ல அண்ணே. வேற யாரையும்விட எனக்குத்தானே தெரியும்."

கிரகோரி கையை நீட்டினான். வசந்தன் உடனே பிடிக்கவில்லை. அவன் மனைவி கோப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்த பிறகு, குடித்து முடித்த பிறகுதான் பிடித்தான். லூசியின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. அவனுக்கு ஒரு நல்ல வார்த்தை பேச வந்தது மறு வருடம்தான்.

அந்த வாரமே மெலிசா உலு திராமில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெட்டியைத் தூக்க கிரகோரி போனான். லூசி வாசலில் நின்றாள். "போயிட்டு வரேன் அண்ணி" என்றாள் மெலிசா, மரியாதைக் குறைவில்லாமல். அந்த மரியாதை லூசியை அறைந்த மாதிரி இருந்தது.

விசாரணையில் மெலிசா மூன்றுக்கும் நேராகப் பதில் சொன்னாள். ஆறு போத்தல் கொடுத்தது உண்மை, காசு வாங்கவில்லை, தப்பென்று தெரியாமல் செய்துவிட்டேன் என்றாள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது. கஸ்தம் அதிகாரிகள் வந்து பார்த்து, மீதியிருந்த சோதனை ஒயின் முழுவதையும் கொட்டச் சொன்னார்கள். வாளி வாளியாகக் கிரகோரிதான் கொட்டினான். மனு மூன்று மாதம் தள்ளிப் போனது. கழிவுத் தொட்டி கட்டி முடிந்து, மறுபடி பரிசோதனை நடக்க டிசம்பர் ஆகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வேண்டும் என்று கேட்டிருந்த இரண்டு ஹோட்டல்களும் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டன. ஒரு கடிதத்துக்கு இவ்வளவு பலன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு லூசி ஒயின் போடவில்லை. கோயிலில் பெண்கள் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். சர்பத் என்று சொன்ன ரேமண்டும் வந்து கேட்டான். "உங்க ஒயின் இல்லாம கேக் எறங்க மாட்டேங்குது அக்கா" என்றான். அவனுக்கு அவன் சொன்னது நினைவே இல்லை.

மார்ச் மாதம் மெலிசாவுக்கு இரண்டு லைசென்ஸும் வந்தன. ஒரு சனிக்கிழமை காலையில் திறப்பு விழா. லூசிக்கு அழைப்பு கிரகோரி மூலமாகத்தான் வந்தது. போகலாமா வேண்டாமா என்று சேலையைக் கட்டியும் அவிழ்த்தும் அரை நாள் போனது. கடைசியில் போனாள்.

பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி ஆசீர்வதித்தார். உள்ளே எஃகுத் தொட்டிகள் நாலு பளபளவென்று நின்றன. சுவரில் லைசென்ஸுகள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. லூசி அவற்றின் முன்னால்தான் அதிக நேரம் நின்றாள். பேர், முகவரி, வகை, தேதி. எத்தனையோ பேருக்கு இந்தத் தாளை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். தன் குடும்பத்தில் ஒருவர் பேர் அதில் இருப்பதை அன்றுதான் பார்த்தாள். வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது. போகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மெலிசா ஒரு சின்னக் கோப்பையோடு பக்கத்தில் வந்தாள். ஆறு மாதத்தில் இருவரும் தனியாக நின்றது அதுதான் முதல் தடவை. லூசி வாங்கிக் குடித்தாள். நாக்கில் முதலில் புளிப்பு வந்தது, அப்புறம் பழுத்த அன்னாசியின் வாசனை மூக்குவரை ஏறியது, தித்திப்பு எங்கோ கடைசியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. இன்னொரு வாய் குடித்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் குடித்தாள்.

"எப்படி இருக்கு அண்ணி?"

"நல்லா இருக்கு."

"முகத்துக்காகச் சொல்றீங்களா?"

"இல்ல. நிஜமாவே நல்லா இருக்கு. அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

மெலிசா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் வந்த சிரிப்பு. சிரித்து முடித்ததும் முகத்தை மறுபடி நேராக வைத்துக்கொண்டாள். "ரெண்டையும் இந்த வருஷக் கடைசில புதுப்பிக்கணும். ஜொகூர் பாருல ஒரு ஏஜென்ட்டைப் பாத்திருக்கேன். உங்ககிட்ட குடுக்கப் போறதில்ல அண்ணி. கோபத்துல சொல்லல. இப்போதைக்கு என்னால முடியாது."

"சரி" என்றாள் லூசி. காலிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "யாருகிட்ட குடுத்தாலும் அக்டோபருக்குள்ள குடுத்துடு. கடைசி நேரத்துல குடுத்தா, எல்லாக் கடையும் அப்பதான் குடுப்பாங்க, உன் ஃபைல் அடியில போயிடும். கிறிஸ்துமஸ் மறுபடி கையை விட்டுப் போயிடும்."

மெலிசா கைபேசியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள். "வேற ஏதாவது?"

"கழிவு லோரிக்காரன் குடுக்குற ரசீதெல்லாம் பத்திரமா வை. கேப்பாங்க."

அதையும் குறித்துக்கொண்டாள். தொட்டிப் பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். மெலிசா போனாள். கொஞ்ச தூரத்தில் கிரகோரி விருந்தாளிகளுக்கு ஊற்றிக்கொண்டே, தங்கச்சியைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தான். லூசி நின்று அதை முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, வாசலருகே மேசையில் நிறைந்து கிடந்த காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கி, கழுவுகிற இடம் எங்கே என்று வசந்தனைக் கேட்டாள்.

"அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினான் வசந்தன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மீதிக் கோப்பைகளை இன்னொரு தட்டில் அடுக்கி, அவனும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.